துணியில் ஒரு முகம்: பிஸா பட்லர் வழியில் செய்து பார்க்க

பிஸா பட்லரின் படைப்பைத் தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய ஓவியம் என்றுதான் தோன்றும். கிட்டப்போனால் ஒரு சொட்டு பெயிண்ட் கிடையாது, எல்லாம் வெட்டி அடுக்கிய துணியும் அதன் மேல் ஓடும் நூலும்தான். 1973-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர், அப்பா கானா நாட்டுக்காரர், அம்மா நியூ ஆர்லியன்ஸ் ஊர்க்காரர், அம்மாவும் பாட்டியும் தைக்கிறவர்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தது ஓவியம். பிறகு முதுகலை படிக்கும்போதுதான் துணிப் பக்கம் வந்தார், உடம்பு முடியாமல் இருந்த பாட்டிக்காகத் தாத்தா பாட்டியின் கல்யாணப் போட்டோவைத் துணியிலேயே செய்தார். பல வருஷம் பள்ளியில் ஓவிய ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். 2020-இல் டைம் இதழின் ஒரு அட்டைக்காக, மரம் நடும் இயக்கத்துக்காக நோபல் அமைதிப் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாயைத் துணியில் செய்தவர் இவர்தான்.

அவர் முறையை வீட்டுத் தையல் மெஷினுக்குத் தகுந்தபடி சுருக்கித் தருகிறேன்.

முதலில் போட்டோ. பட்லர் பெரும்பாலும் பழைய கருப்பு வெள்ளைப் படங்களைத்தான் எடுக்கிறார். சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் ‘தி சேஃப்டி பேட்ரோல்’ (2018), பிட்ஸ்பர்க் போட்டோகிராபர் சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸ் 1947-இல் எடுத்த பள்ளிக்குழந்தைகளின் படத்தில் இருந்து வந்தது. நீங்கள் வீட்டு ஆல்பத்தில் தேடுங்கள், ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழுந்த முகமாக இருக்கட்டும். நேராக ஃபிளாஷ் அடித்த படம் வேண்டாம், அதில் நிழலே இருக்காது. கருப்பு வெள்ளையாக மாற்றி, முகம் மட்டும் ஏ3 அளவுக்கு வருகிற மாதிரி பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருட்டு, வெளிச்சம், இரண்டுக்கும் நடுவில் உள்ளவை என்று நான்கைந்து பகுதிகளாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். மூக்கு, உதடு என்று வரையப் போகாதீர்கள், நிழல் எங்கே முடிகிறதோ அதுதான் கோடு.

அப்புறம் துணி. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அவசரமே வேண்டாம். பட்லர் முகத்துக்குத் தோல் நிறத் துணியைத் தேடுவதில்லை. நீலம், ஊதா, கருஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் ஒரே கன்னத்தில் வரும், ஆனாலும் அது உயிருள்ள முகமாக நம்மைப் பார்க்கும். காரணம், நிறம் எதுவானாலும் இருட்டு இருட்டான இடத்திலும் வெளிச்சம் வெளிச்சமான இடத்திலும் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இந்தத் துணிச்சலுக்கு ஒரு வேர் உண்டு. 1968-இல் சிகாகோவில் உருவான ஆஃப்ரிகோப்ரா என்ற கறுப்பினக் கலைஞர் குழு கண்ணைப் பறிக்கும் நிறங்களைத் தன் அடையாளமாகவே வைத்திருந்தது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் டொனால்ட்சன் ஹோவர்டில் பட்லருக்கு ஆசிரியர்.

உங்களுக்கு இதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது: கையில் உள்ள துணிகளை வரிசையாக விரித்து போனில் கருப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். எது அடர்த்தி, எது வெளிர் என்று சட்டென்று தெரிந்துவிடும், அடர் பச்சையும் அடர் சிவப்பும் அங்கே ஒன்றாகத்தான் தெரியும், அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தைரியமாக வைக்கலாம்.

துணியின் கதையையும் பாருங்கள். பட்லர் கென்டே (கானாவின் கைத்தறித் துணி), வாக்ஸ் பிரிண்ட் (மெழுகு முறையில் சாயம் ஏற்றிய மாதிரி அச்சடித்த பருத்தித் துணி) என்று ஆப்பிரிக்கா உடுத்துகிற துணிகளைச் சேர்க்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த வாக்ஸ் டிசைன்களுக்குச் சந்தையிலேயே பெயரும் பொருளும் வைத்துவிடுவார்கள். பறக்கும் குருவி போட்ட ஒரு டிசைனுக்கு, பணத்துக்கு இறக்கை உண்டு என்பது கானாவில் பொருள். ஆகவே அவர் படத்தில் ஒருவர் போட்டிருக்கும் சட்டையும் ஏதோ சொல்கிறது. உங்கள் பாட்டியைச் செய்கிறீர்கள் என்றால் பாட்டியின் கிழிந்த சுங்குடியையோ தாத்தாவின் பழைய லுங்கியையோ சேருங்கள், கடையில் வாங்கிய எந்தப் புதுத் துணியும் அதற்கு ஈடாகாது.

ட்ரேசிங் பேப்பரை அச்சாக வைத்து வெட்டுங்கள். பருத்தித் துணிக்கு முன்பே கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிட்டால் பிசிறு குறையும். அடியில் காடா துணி, அதன் மேல் பெரிய துண்டுகள், அவற்றின் மேல் சின்னவை, கண்ணின் வெள்ளைப் புள்ளி கடைசியில். துணிப்பசை ஒரு பொட்டு போதும். கன்னத்தில் நிழல் திடீரென்று வெட்டிய மாதிரி தெரிந்தால் நெட் துணியோ ஷிஃபானோ ஒரு துண்டு மேலே போடுங்கள், பட்லரும் இப்படி மெல்லிய துணிகளை அடுக்குவார்.

இனித் தையல். அடியில் இன்னொரு துணி, நடுவில் பஞ்சு ஷீட், மேலே படம் என்று மூன்றையும் சேர்த்துக் குண்டூசி குத்தி, ஊசிக்கு அடியில் துணியை நகர்த்துகிற மெஷினின் பல்லை இறக்கிவிட்டு, எம்ப்ராய்டரி ஃபுட் மாட்டி, துணியைக் கையால் நகர்த்தித் தையுங்கள். பட்லர் இதற்கு லாங்ஆர்ம் என்ற பெரிய மெஷின் வைத்திருக்கிறார், நமக்கு வீட்டு மெஷின் போதும். கோடு முகத்தின் வளைவோடு போகட்டும், கன்னத்தில் வளைந்து, நெற்றியில் படுத்து, முடியில் சுருண்டு. கையை மெதுவாகவும் மெஷினை ஒரே வேகத்திலும் வைத்தால் நூல் அறாது. முதலில் வேறொரு வெட்டுத்துணியில் ஓட்டிப் பழகுங்கள்.

முடிந்ததும் ஓரத்துக்குப் பட்டி அடித்து, பின்பக்கம் மேலே ஒரு துணிக்குழாய் தைத்து அதில் கம்பு செருகி மாட்டுங்கள். நேர் வெயில் படுகிற சுவர் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.