பேப்பர் ஷ்ரெடரைக் கழற்றித் துப்புரவாக்கித் திரும்பப் பூட்டுவது எப்படி?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கொம்யூனிகேஷன் கடை நடத்துகிறீர்கள் என்றால், அடையாள அட்டைக் கொப்பிகள் எப்படிக் குவியும் என்று உங்களுக்கே தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எனவே அவற்றை அரிந்து அழிக்க மூலையில் ஒரு சின்ன ஷ்ரெடர் இருப்பது நல்லது. அது முனகிக்கொண்டு நின்றால் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் கடதாசித் தும்புதான் காரணம். கொழும்பின் ஈரக் காற்றில் அந்தத் தும்பு இறுகிக் கட்டியாகிவிடும்.

நெடுநேரம் தொடர்ந்து ஓடியபின் நின்றிருந்தால் மோட்டர் சூடேறித் தானாக நின்றிருக்கும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அப்படியும் சரிவரவில்லையா? பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, உள்ளே வருவது 230 வோல்ட். வாளியை எடுத்துவிட்டு, தலைப்பகுதியை மேசையில் கவிழ்த்து வைத்து ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு மட்டையில் மெஷினின் வடிவத்தைக் கீறி, எந்த ஸ்க்ரூ எந்த மூலையோ அங்கேயே குத்தி வையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்குமுன் போனில் ஒரு படம். வயர்கள் எந்த வழியாகப் போகின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். உள்ளே மின்னைத் தேக்கி வைக்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர் இருந்தால் அதன் முனைகளில் கைவைக்க வேண்டாம்.

இப்போது எதிரெதிராகச் சுற்றும் இரண்டு வெட்டு உருளைகள் தெரியும். தகடுகளுக்கு இடையே சீப்புப் பல் போல நீட்டிக்கொண்டிருப்பவை, அரிந்த துண்டுகளைத் தள்ளிவிடுபவை. தும்பு அடைவது அங்கேதான். பழைய டூத் பிரஷ்ஷும் கூர்முனைக் குறடும் போதும், ஸ்டேப்ளர் கம்பிகளும் வரும். உருளையிலிருந்து தகடுகளை உருவ வேண்டாம். உருவினால் வரிசை குலைந்து, பிறகு பூட்டவே முடியாது. கடதாசி நுழையும் வாயின் நடுவில் உள்ள சென்சரைக் கொட்டன் பட்டால் துடையுங்கள். அது தூசு பிடித்தால் கடதாசி இல்லாமலே மெஷின் ஓடும்.

பற்சில்லுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ், வெட்டும் தகடுகளுக்கு எண்ணெய். மாற்றிப் போட்டால் கிரீஸில் தும்பு ஒட்டி, பட்ட பாடெல்லாம் வீண். ஷ்ரெடர் எண்ணெய் இல்லாவிட்டால் கனோலா எண்ணெய் பாவிக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: 24 பாகைக்குக் கீழே உறையும், ஏசி அறையில் அதற்கு அதிக நேரம் எடுக்காது. எண்ணெய் ஸ்ப்ரே டின் கிட்டவும் வரக்கூடாது. அதிலுள்ள வாயு தீப்பிடிக்கக்கூடியது, மோட்டருக்குள் மின்னைக் கடத்தும் பிரஷ்ஷில் பொறி பறக்கும்.

பூட்டும்போதுதான் பலருக்கும் தவறுகிறது. சீப்புகள் தத்தம் இடைவெளியில் உட்கார்ந்தபின், மூடியைப் போடுமுன், மோட்டர் பக்கத்துச் சின்னப் பற்சில்லை விரலால் சுற்றுங்கள். உருளையைப் பிடித்துத் தள்ளினால் அசையாது, அது இயல்பு. உருளை முழுச் சுற்று வரும்வரை சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் சீப்பு ஒன்று தகட்டில் உரசுகிறது என்று அர்த்தம். அப்புறம் வயர்களைப் படத்தில் உள்ளபடியே ஒதுக்கி, மூடியை வைத்து, எல்லா ஸ்க்ரூக்களையும் பாதிவரை முடுக்கிய பிறகே இறுக்குங்கள்.

வாளியைப் போட்டுப் பிளக்கைச் செருகுங்கள். சத்தமே இல்லையென்றால் வாளி சரியாக உட்காரவில்லை, அல்லது அது அழுத்தவேண்டிய சின்னச் சுவிச் இடம் மாறிவிட்டது. உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்திச் சீப்புகளைப் பாருங்கள். ஓடினால், ஓர் ஏ4 தாளில் வளைந்து வளைந்து எண்ணெய்க் கோடு விட்டு உள்ளே அனுப்பி, சில விநாடிகள் பின்னோக்கி ஓடவிடுங்கள். பற்சில்லில் பல் உடைந்திருந்தால் மட்டும், திருத்தக் கொடுக்குமுன் புறக்கோட்டையில் புது மெஷினின் விலையையும் ஒருதரம் விசாரித்துப் பாருங்கள்.