டிரவுட் ஓடைக்கு ரீல் வாங்கப் போகிறீர்களா?

இமாச்சலின் தீர்த்தன் மாதிரி மலை ஆற்றில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க ஃப்ளை ரீல் (பூச்சி மாதிரியான போலி இரையை வீசும் தூண்டிலுக்கான ரீல்) தேடுகிறீர்கள் என்றால் முதலில் ஒன்று: அங்கே ரீல் பெரும்பாலும் லைனை, அதாவது தூண்டில் நூலை, சுற்றி வைக்கும் உருளைதான், கால் கிலோ அரை கிலோ மீனைக் கையாலேயே லைனை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதனால் விலை அதிகமான டிஸ்க் டிராக் (மீன் இழுத்து ஓடும்போது லைனைத் தடுத்துப் பிடிக்கும் தட்டு பிரேக்) எதற்கு? டிக் டிக்கென்று சத்தம் போடும் கிளிக் வகையே போதும்.

ராடில் (தூண்டில் கோலில்) லைனின் எடையைக் குறிக்கும் எண் 4 அல்லது 5 என்று எழுதியிருந்தால் ரீலும் அதே எண்ணுக்கானதாக இருக்கட்டும். கடையிலேயே ஸ்பூலை, அதாவது ரீலுக்குள் லைன் சுற்றும் பகுதியை, கழற்றி மாட்டிப் பாருங்கள், பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறதா, ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே லைன் நுழைகிற அளவு இடுக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். நான் முதலில் வாங்கிய மலிவு ரீலில் அந்த இடுக்கில்தான் லைன் சிக்கி, நல்ல மீன் ஒன்று கைநழுவிப் போனது. நடுத்தண்டு அகலமாக இருந்தால் லைன் சுருள் சுருளாக நிற்காது. வார்ப்பு அலுமினியம் விலை குறைவு, ஆனால் பாறையில் விழுந்தால் விரிசல் விடலாம்.

மிச்சக் காசை நல்ல லைனில் போடுங்கள், வீசுவது அதைத்தானே. லைனுக்கு அடியில் 20 பவுண்ட் தாங்கும் டேக்ரான் நூலை (இதைத்தான் பேக்கிங் என்பார்கள்) 50 கெஜம் சுற்றினால் சரி. அப்புறம், மீன்வளத் துறை லைசென்ஸ் இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.