தடுப்பூசி நியாயமாகப் போய்ச் சேர்ந்ததா? கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

"இத்தனை கோடி டோஸ் போட்டாச்சு" என்ற அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நியாயம் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. யாருக்குப் போனது, எப்போது போனது, இந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும். 2021-இல் இந்தியாவில் நடந்த கோவிட் தடுப்பூசித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம், தடுப்பூசிப் பதிவுக்காக அரசு நடத்திய கோவின் இணையதளத்தின் எண்கள் பொதுவில் கிடைத்ததால் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வகுக்கும் எண்ணைச் சரிசெய்யுங்கள், பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. தகுதி பெற்றவர்கள் மாதத்துக்கு மாதம் மாறினார்கள்: ஜனவரி 16 சுகாதாரப் பணியாளர்கள், மார்ச் 1 அறுபது தாண்டியவர்களும் இணைநோய் உள்ள 45 தாண்டியவர்களும், ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லோரும், மே 1 முதல் 18 தாண்டியவர்கள். அதனால் மார்ச் மாத எண்ணை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் அந்த சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. அடுத்த சிக்கல், அதற்கு முன் கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2011-இல் எடுத்தது. வயதுவாரியான கணிப்பு எண்களைத் தேடி எடுங்கள், எதை எடுத்தீர்கள் என்று கீழே எழுதியும் வையுங்கள். இன்னொன்று, கோவின் எண் ஊசி போட்ட இடத்தைச் சொல்கிறது, போட்டுக்கொண்டவர் வசிக்கும் இடத்தை அல்ல. மே மாதத்தில் நகரத்து இளைஞர்கள் இடம் கிடைக்காமல் கார் எடுத்துக்கொண்டு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டார்கள், அந்த டோஸெல்லாம் கிராமத்துக் கணக்கில்தான் ஏறியது.

சரி, சதவீதம் வந்துவிட்டது. இப்போது இரண்டு குழுக்களை ஒப்பிட விகிதம், இடைவெளி இரண்டையும் பாருங்கள். ஒரு உதாரணத்துக்கு, நகரத்தில் 10 சதவீதம், கிராமத்தில் 5 சதவீதம் என்றால் விகிதம் இரண்டு மடங்கு, இடைவெளி 5. சில மாதம் கழித்து 60-ம் 40-ம் ஆனால் விகிதம் ஒன்றரையாகக் குறைந்துவிடும், ஆனால் இடைவெளி 20 ஆகிவிட்டது. இதில் ஒன்றை மட்டும் காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

பெண்களுக்குப் போனதைப் பார்க்க, ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் போட்டுக்கொண்டார்கள் என்று எடுத்து, அந்த மாநிலத்தின் பாலின விகிதத்தால், அதாவது அங்கே ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணால், வகுத்தால் போதும். 1 வந்தால் சமம், அதற்குக் கீழே போனால் பெண்களுக்குக் குறைவாகப் போயிருக்கிறது. 2011 கணக்கில் இந்தியா முழுக்க 943, கேரளாவில் 1084. ஆயிரம் ஆண்களுக்கு 900 பெண்கள் போட்டுக்கொண்டார்கள் என்ற எண் நாடு முழுவதற்கும் என்றால் சுமார் 0.95, கேரளாவுக்கு என்றால் 0.83. அப்புறம், முதல் டோஸையும் இரண்டாவதையும் கூட்டவே கூட்டாதீர்கள், ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது காலம். கடைசியில் எல்லோரும் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள் என்று காட்டுவது சுலபம், ஆனால் ஒரு நாளில் நாலு லட்சத்துக்கும் மேல் தொற்று பதிவான அந்த மே மாதத் தொடக்கத்தில் யார் கையில் ஊசி ஏறியிருந்தது, யார் கையில் ஏறவில்லை என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு குழுவும் 50 சதவீதத்தை எந்தத் தேதியில் தொட்டது என்று குறித்து, நடுவில் எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். அந்த வாரங்களில் பாதுகாப்பில்லாமல் இருந்தவர்கள் முதியவர்களா, மருத்துவமனை தூரத்தில் இருப்பவர்களா என்று அடுத்துப் பாருங்கள்.

கணக்கில் பின்தங்கிய இடத்தைக் கண்டதும் "அந்த மக்கள் பயந்தார்கள்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த வாரம் அங்கே மருந்து இருந்ததா என்று பாருங்கள். மருந்து மீந்து ஆள் வரவில்லை என்றால் தயக்கம், ஆள் நின்று மருந்து இல்லை என்றால் ஒதுக்கீட்டின் குற்றம். மே மாத விதிப்படி நாலில் ஒரு பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு, அவை பெரும்பாலும் நகரங்களில், காசு கட்டித்தான் போட வேண்டியிருந்தது. 18 முதல் 44 வயதுக்கு முதலில் இணையப் பதிவு கட்டாயமாகவும் இருந்தது. போன் இல்லாத ஒருவர் வராததைத் தயக்கம் என்று எழுதினால் அது அநியாயம்.

சாதி, வருமானம் எதுவும் கோவின் எண்களில் இல்லை. அதற்கு வீடு வீடாகப் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்கும்போது போட்டுக்கொண்டீர்களா என்பதோடு நிறுத்திவிடாமல், எந்த மாதம், எவ்வளவு தூரம் போனீர்கள், யார் பதிவு செய்து கொடுத்தார்கள், எத்தனை முறை திரும்பி வந்தீர்கள், அன்றைய கூலி போனதா, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.