உயில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயில் நகலோடு யார் வந்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. யாருக்கு எந்தச் சொத்து என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாட்சிகள் யார், என்ன வயது, இன்று எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலானோருக்குப் பதில் தெரிவதில்லை. சர்வே எண் பிழை, பெயரில் எழுத்துப் பிழை போன்றவற்றைப் பத்திர எழுத்தரே திருத்திவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணில் பட்டவரைச் சாட்சியாக்குவது

இத்தனை ஆண்டுகள் சிவில் வழக்குகளை நடத்திய பிறகும் எனக்கு ஆத்திரம் மூட்டும் தவறு இது. “பதிவு செய்துவிட்டோமே, போதாதா?” என்று கேட்கிறார்கள். போதாது. உயிலைப் பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்பது குறைந்தது இரண்டு சாட்சிகளை. எழுதியவர் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்; அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவரே அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அவர் முன்னிலையிலேயே அவர்களும் கையெழுத்திட வேண்டும். தகராறு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறி இதையெல்லாம் சொல்லியாக வேண்டும். பதிவு முத்திரை அந்த வேலையைச் செய்யாது.

ஒரு பெரியவர், கடைசிவரை தன்னைக் கவனித்துக்கொண்ட இளைய மகளுக்கு வீட்டை எழுதிவைத்துப் பதிவும் செய்திருந்தார். முதல் சாட்சி அவரைவிட மூத்த நண்பர். பெரியவருக்கு முன்பே காலமாகிவிட்டார். இரண்டாமவர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் அன்று அகப்பட்ட ஆள். அந்த மகளின் அண்ணன் வழக்குப் போட்டார். கூண்டில் அந்த ஆள், “கையெழுத்து என்னுடையதுதான்” என்றார். பெரியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தீர்களா என்று கேட்டதும், “நினைவில்லை ஐயா, தினமும் பல பத்திரங்களில் போடுகிறேன்” என்றார். மருத்துவமனை ரசீதுகள் அடைத்த மஞ்சள் பையோடு அந்தப் பெண் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

சாட்சி மறந்தாலோ மறுத்தாலோ வேறு சான்றுகளால் உயிலை மெய்ப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அவற்றைத் திரட்டுவதற்குள் அந்தப் பெண் களைத்துப்போனார். பாதி வீட்டை விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்.

உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராக, ஊர் மாறாதவராக, உயிலால் ஆதாயம் பெறாதவராகப் பார்த்துச் சாட்சியாக்குங்கள். முதுமையில் எழுதினால் ஒருவர் உங்கள் மருத்துவராக இருப்பது நல்லது. உயிலில் என்ன இருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தால் தெரிந்தவர்களைத் தவிர்க்காதீர்கள். சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டால், தெம்பு இருக்கும்போதே புதிய உயில் எழுதிவிடுங்கள்.

நாமினியே சொந்தக்காரர் என்று நம்புவது

வங்கிப் பணத்திலும் நிறுவனப் பங்குகளிலும் நாமினி, அதாவது நீங்கள் நியமித்தவர், உரிய வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. பங்குகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதையே சொன்னது.

பூர்வீகச் சொத்து முழுவதையும் எழுதுவது

உங்கள் பங்கை மட்டுமே எழுதலாம். மகளுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு.

உயிலுக்குப் பதில் அவசர செட்டில்மென்ட்

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றித் தரும் செட்டில்மென்ட் பத்திரத்தை நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையையும், பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதாமல் கையெழுத்திடாதீர்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் வீட்டை மீட்கப் போனால், அந்த நிபந்தனையைத்தான் முதலில் தேடுவார்கள்.

வரியே இல்லை என்று இருந்துவிடுவது

இறந்தவர் சொத்தின்மீதான வரி 1985இல் ஒழிந்தது. ஆனால் அந்தச் சொத்தை விற்கும்போது கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. அப்பா வாங்கிய விலையே உங்கள் அடக்கவிலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதென்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். அவருடைய கிரயப் பத்திரத்தையும் வீடு கட்டிய செலவுக்கான ரசீதுகளையும் தேடி எடுத்து, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை முன்பணம் வாங்குவதற்கு முன்பே பெற்றுவிடுங்கள்.