ஜிப்சம் பலகை இணைப்பில் டேப் உப்பினால்

ஜிப்சம் பலகைகளின் இணைப்பில் ஒட்டிய காகித டேப் உப்புவதற்குப் பெரும்பாலும் காரணம், அதனடியில் பூசும் இணைப்புக் கலவை (ஜாயிண்ட் காம்பவுண்ட்) போதாமல் போனதோ, டேப்பை வைப்பதற்குள் கலவை காய்ந்துவிட்டதோதான். விரலால் தட்டினால், ஒட்டாத இடம் வெற்றொலி எழுப்பிக் காட்டிக்கொடுக்கும். சிறு கொப்புளமானால் கீறி, உள்ளே கலவையைச் செலுத்தி அழுத்தலாம். நீண்ட உப்பலானால், டேப் உறுதியாகப் பிடித்திருக்கும் இடம்வரை வெட்டி உரித்தெடுத்து, புதிய துண்டை ஒட்டி, அது காய்ந்தபின் மேற்பூச்சை முன்னதைவிட அகலமாக இழுத்துத் தேய்க்க வேண்டும். உப்பலின் மேலேயே பூசி மறைப்பது வீண்வேலை.

அடுத்த முறை இது நேராதிருக்க, பலகைகளின் தூசியைத் துடைத்து, அகன்ற இடைவெளிகளை முன்பே அடைத்துக் காயவிட்டு, ஏறத்தாழ 3 மி.மீ. கனத்தில் கலவையை விடுபடாமல் பூசி, ஈரம் இருக்கும்போதே டேப்பைப் பதித்து, 6 அங்குலப் பட்டைக்கத்தியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக வழிக்க வேண்டும். கலவை முழுவதும் பிதுங்கிவிடுமளவு அழுத்துவது பலரும் செய்யும் தவறு. டேப்பின் அடியில் மெல்லிய படலம் தங்கியே ஆகவேண்டும்.