விண்டோஸ் போட்டதில் போன போட்டோக்கள்: மீட்டெடுத்த கதையும் செய்முறையும்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 18 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. டேலி தெரியும், எக்செல் தெரியும், கீபோர்டுக்குள் இறங்கும் மஞ்சள் தூசியைப் பிரஷ் வைத்துத் தட்டத் தெரியும். அறச்சலூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நடந்ததையும், நான் செய்ததையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

பிளஸ் டூ லீவில் இருந்த பையன், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டான். பார்ட்டிஷன் (சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்து வைத்த பாகங்கள்) எல்லாவற்றையும் டெலீட் பண்ணிவிட்டுப் போட்டால் வேகமாக ஓடும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். சாயந்திரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிற்கிறான். "அம்மா, டி டிரைவே காணோமுங்கம்மா."

டி டிரைவில்தான் எல்லாம் இருந்தது. 2006-ல் எங்கள் கல்யாணம், இவனுடைய காதுகுத்து, பண்ணாரி குண்டத்துக்குப் போனது, அந்தியூர் ஆடித் தேர்ச் சந்தையில் மாமனார் ஒரு வெள்ளைக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மாமனார் 2014-ல் தவறிவிட்டார். வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். சிரித்த முகமாக இருந்ததெல்லாம் அந்த டிஸ்கில்தான்.

உள்ளே போய்ப் பார்த்தால், ரெக்கவரி சாஃப்ட்வேர் ஒன்றை டவுன்லோட் போட்டுக்கொண்டிருக்கிறான். அதுவும் அதே டிஸ்கிலேயே. "நிறுத்து கண்ணு" என்று சொல்லி ப்ளக்கைப் பிடுங்கினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஏன் என்று எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். குடோனில் எந்த லாட் எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறது என்று ரிஜிஸ்டர் ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழிப்பதும், பார்ட்டிஷனை டெலீட் பண்ணுவதும், குவிக் ஃபார்மட் போடுவதும் அந்த ரிஜிஸ்டரில் அடிப்பதோ பக்கத்தைக் கிழிப்பதோ மாதிரிதான். மூட்டையை யாரும் தொடவில்லை. ஆனால் ரிஜிஸ்டர்ப்படி இடம் காலி, அதனால் அடுத்த லோடு வந்தால் அங்கேதான் இறக்குவார்கள். கம்ப்யூட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே லோடு வந்துகொண்டுதான் இருக்கும்: விண்டோஸ் அப்டேட், பிரௌசர் சேமிப்பு, நீங்கள் இறக்கும் அந்த ரெக்கவரி சாஃப்ட்வேர். அதனால் முதலில் நிறுத்துங்கள். அழுவதோ திட்டுவதோ அப்புறம்.

முழு ஃபார்மட் வேறு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். எங்கள் வீட்டில் விண்டோஸ் ஏறி முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முழு ஃபார்மட் ஓடியிருக்க வாய்ப்பில்லை என்று அதிலேயே தெரிந்தது.

அடுத்து, உங்களுடையது தட்டு சுழலும் ஹார்டு டிஸ்கா, சிப்பில் எழுதும் எஸ்எஸ்டியா என்று பாருங்கள். தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்று ஒன்று உண்டு, விண்டோஸ் 7-லிருந்து அது இருக்கிறது. ரிஜிஸ்டரில் அடித்த உடனே வாட்ச்மேன் போய் மூட்டையையும் தூக்கி வெளியே போட்டு இடத்தைக் கூட்டிவிடுகிற மாதிரி. அதில் அழிந்தது திரும்பக் கிடைப்பது அபூர்வம். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்து, அதன் சாவியும் கையில் இல்லை என்றாலும் அதே கதி. எங்களுடையது 500 ஜிபி பழைய ஹார்டு டிஸ்க், மெதுவாக ஓடியதற்கு அதுதான் காரணம். படம் பிழைத்ததற்கும் அதுவேதான்.

டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். ஆஃப் பண்ணிவிட்டு, தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை பார்க்கும் ரெக்கவரி லேபுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் உள்ளே உரசல் கூடும்.

நான் டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் கேட்டேன். கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல், "எல்லாம் போச்சுங்க, புது டிஸ்க் போட்டுக்குங்க" என்றார். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பிதான் போனில், "இருங்க அக்கா, நாம பார்க்கலாம்" என்றான். முதலில் சொந்தக்காரர் போன்களையும், பழைய கேமராவின் கார்டையும், கல்யாண ஸ்டுடியோ கொடுத்த சிடியையும் தேடச் சொன்னான். சிடி கீறிப் போயிருந்தது. வாட்ஸ்அப்பில் வந்தவை சுருங்கிய படங்கள். சரி, டிஸ்க்குக்கே வந்தோம்.

வாங்கியது ஒன்றுதான்: 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க். அதன் ஃபார்மட் வகை எக்ஸ்ஃபாட்டாகவோ என்டிஎஃப்எஸ்ஸாகவோ இருக்கட்டும். ஃபாட்32-வில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நமக்கு வேண்டியது 500 ஜிபி ஒரே ஃபைல்.

பக்கத்து வீட்டு லேப்டாப்பில் சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸை இறக்கி, ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர் மூலம் பென் டிரைவில் ஏற்றினோம். இதற்குத் தேவையான மூன்று கருவியும் அதற்குள்ளேயே இருக்கின்றன: டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக். வீட்டுக் கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் பண்ணினால், உள்ளே இருக்கும் டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதப்படாது. கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பழைய டாஸ் பில்லிங் பார்த்தவர்களுக்கு அது சொந்த வீடு மாதிரி.

முதல் வேலை நகல் எடுப்பது. மண்டியில் அசல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கூட்டிக் கழிக்க மாட்டோம். அதே மாதிரி டிஸ்க் முழுவதையும் டிடிரெஸ்க்யூவால் வெளி டிஸ்க்கில் ஒரே ஃபைலாக நகலெடுத்து, அதற்கப்புறம் நகலில்தான் கை வைக்க வேண்டும். கட்டளையில் மூன்று பெயர் வரும்: முதலில் எடுக்கும் இடம், அடுத்து போய்ச் சேரும் இடம், மூன்றாவது, எதுவரை நகலெடுத்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல். முதல் இரண்டும் மாறிவிட்டால் கதை முடிந்தது. அதனால், இருக்கிற டிஸ்க்குகளைப் பட்டியல் போடும் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) கட்டளையைத் தட்டி, எது 500 ஜிபி, எது 1 டிபி என்று அளவை வைத்து உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். நான் பேப்பரில் எழுதி, போனில் தம்பிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டிய பிறகுதான் என்டர் தட்டினேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி 2 துளைதான், நொடிக்கு 30 எம்பி. 500 ஜிபிக்கு நாலரை மணி நேரத்துக்கு மேலே. மூன்றாவது மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. தம்பியோ சிரிக்கிறான். மேப் ஃபைலை வெளி டிஸ்க்கிலேயே வைத்திருந்ததால், அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. மேப் ஃபைலை மறக்காதீர்கள்.

அப்புறம், தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க். நகல் ஃபைலைக் கொடுத்துத் திறந்து, பார்ட்டிஷன் வகை (பழைய கம்ப்யூட்டருக்கு 'இன்டெல்', அதுவே காட்டும்), அடுத்து 'அனலைஸ்', 'குவிக் சர்ச்'. அதில் பையன் போட்ட புது விண்டோஸ்தான் வந்தது. 'டீப்பர் சர்ச்' கொடுத்துவிட்டு ராகி களி கிண்டப் போனேன். வந்து பார்த்தால் பட்டியலில் பழைய டி டிரைவ் நிற்கிறது. புது விண்டோஸ் டிஸ்க்கின் முன்பக்கத்தைத்தான் பிடித்திருந்தது. டி டிரைவ் பின்னால் இருந்ததால் அதன் ரிஜிஸ்டரே கிழியாமல் கிடந்திருக்கிறது.

அந்த வரியில் நின்று 'பி' எழுத்தைத் தட்டினால் ஃபோல்டர்கள் திறக்கும். கறுப்புத் திரையில் 'அந்தியூர் 2011' என்று நான் ஆங்கில எழுத்தில் போட்ட பெயர் வந்தது. பையன் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டான். 'ஏ' தட்டினால் எல்லாம் தேர்வாகும், ஷிப்ட்டோடு 'சி' தட்டினால் நகலாகும். எங்கே வைப்பது என்று கேட்கும்போது வெளி டிஸ்க்கைக் காட்டுங்கள். 'ரைட்' என்று ஒரு மெனு வரும், அதைத் தொட வேண்டாம். அது பார்ட்டிஷன் பட்டியலையே மாற்றி எழுதுவது, படம் எடுக்க அது தேவையே இல்லை.

பழைய சி டிரைவின் டெஸ்க்டாப்பில் கிடந்த படங்கள் இப்படி வரவில்லை, புது விண்டோஸ் அதன் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஃபோட்டோரெக். இது ரிஜிஸ்டரே இல்லாமல் குடோனுக்குள் போய் ஒவ்வொரு மூட்டை வாயையும் அவிழ்த்து, விரலி மஞ்சளா, கிழங்கு மஞ்சளா என்று பார்க்கிற வேலை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி மூன்று பைட்டில் தொடங்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கிறது. 'ஃபைல் ஆப்ட்' மெனுவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஜேபெக்கையும் வீடியோ வகைகளையும் மட்டும் டிக் பண்ணுங்கள். காலி இடத்தில் மட்டும் தேடவா, முழுக்கத் தேடவா என்று கேட்டால் முழுக்க என்று சொல்லுங்கள்.

கிடைப்பதில் பெயர் இருக்காது, எண்தான். 500 ஃபைலுக்கு ஒரு ஃபோல்டர். பிரௌசரில் பார்த்த சோப்பு விளம்பரம் வரைக்கும் வரும். அளவு வாரியாக அடுக்கி, சின்னதையெல்லாம் தள்ளினால் கேமராப் படங்கள் மேலே நிற்கும். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும், எக்ஸிஃப்டூல் என்ற கருவி அதைப் படித்து வருஷவாரியாகப் பிரித்துவிடும். எங்கள் கேமரா பேட்டரி மாற்றியதும் தேதி மறந்துவிடுகிற ஜாதி, அதனால் இரண்டு தீபாவளி ஒரே நாளில் நடந்திருக்கிறது.

சில படங்கள் பாதிதான். ஒரு படம் துண்டு துண்டாக வேறு வேறு இடத்தில் இருந்தாலோ, பாதியின் மேல் புதுசு ஏறியிருந்தாலோ இப்படி ஆகும். எங்கள் கல்யாணத்து இணைச்சீர்ச் சடங்குப் படம் ஒன்று டெஸ்க்டாப்பில் கிடந்தது. அதில் நாத்தனார் தலை வரைக்கும் நன்றாக இருக்கிறது, கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல் பட்டை. அவருக்கு அனுப்பினேன். "அந்தச் சேலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, விடு" என்று பதில் வந்தது.

தேதியில்லாத படங்களை மாமியாரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டே பெயர் போட்டோம். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், ஒரு கல்யாணப் படத்தில் நின்றார். "இது யாரு கண்ணு? நம்மூட்டுப் பொண்ணு இல்லையே." அடுத்ததும் அதே பெண். அதற்கடுத்து ஒரு குழந்தை, யார் வீட்டுத் தொட்டிலோ. நாற்பது படத்துக்கு மேல் இருந்தது.

அந்த டிஸ்க் செகண்ட்ஹேண்டில் வாங்கியது என்பது அப்போதுதான் நினைவு வந்தது. விற்றவர் குவிக் ஃபார்மட் போட்டுவிட்டுக் கொடுத்திருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேலாக அவர் வீட்டு மூட்டையும் எங்கள் குடோனிலேயே கிடந்திருக்கிறது. யாரென்று தேடிக் கொடுக்க வழியில்லை. அந்தப் படங்களையும், நகல் ஃபைலையும் அழித்தோம். எங்கள் படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமாகத் திறக்கின்றன என்று பார்த்துக்கொண்ட பிறகு, பழைய டிஸ்க்குக்கு முழு ஃபார்மட் கொடுத்தான் பையன். இரண்டு மணி நேரம் ஓடியது. இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.