சிறு கல்லூரி ஃபுட்பாலில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார்? வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். நோட்டர் டாம், அலபாமா, மிச்சிகன் மாதிரிப் பெரிய இடங்களை ஒதுக்கிவிட்டு, சின்னக் கல்லூரிகளில் ஆடியவர்களில் தலைசிறந்தவர் யார்? முதல் நிமிடத்திலேயே பந்து பிடிப்பதில் பேர்பெற்ற ஜெர்ரி ரைஸ் பெயர் விழும், அடுத்து பந்தோடு ஓடுவதில் பேர்பெற்ற வால்டர் பேட்டன். அப்புறம் ஒருவர் டேனி வுட்ஹெட் என்பார், இன்னொருவர் சிரிப்பார், பேச்சு சண்டையாகிவிடும். பெரும்பாலும் அந்தச் சண்டையில் ஆளாளுக்கு வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதல் குழப்பம் ‘சிறு கல்லூரி’ என்பதிலேயே இருக்கிறது. மாணவர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிற விஷயமில்லை இது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 1973இல்தான் மூன்று டிவிஷன்களை உண்டாக்கியது. அதற்கு முன் இருந்தவை ‘யுனிவர்சிட்டி’, ‘காலேஜ்’ என்ற இரண்டே பிரிவுகள். 1978இல் முதல் டிவிஷன், ஃபுட்பாலுக்கு மட்டும், 1-ஏ (மேல்மட்டம்), 1-ஏஏ (அதற்கு அடுத்த படி) என்று உடைந்தது. அந்த 1-ஏஏதான் 2006 முதல் எஃப்சிஎஸ். என்ஏஐஏ என்று தனி அமைப்பு ஒன்றும் உண்டு. இவற்றுக்கிடையே உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள ஓர் அணி எத்தனை ஸ்காலர்ஷிப் தரலாம் என்ற கணக்கே போதும். பல ஆண்டுகள் மேல்மட்ட அணி ஒன்றுக்கு 85, எஃப்சிஎஸ் அணிக்கு 63, இரண்டாம் டிவிஷனுக்கு 36, மூன்றாம் டிவிஷனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆக, எஃப்சிஎஸ் நட்சத்திரத்தையும் மூன்றாம் டிவிஷன் பையனையும் ஒரே தட்டில் வைத்து ‘சிறு கல்லூரிக்காரர்கள்’ என்பதே பாதித் தவறு.

இன்னொன்று, கல்லூரிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய பிரிவை வைத்துப் பழைய ஆளை எடைபோடக் கூடாது. 1970 டிராஃப்டில் (தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகப் போன டெர்ரி பிராட்ஷா ஆடியது லூசியானா டெக்கில். இன்று அது மேல்மட்டக் கல்லூரி, அன்று ‘காலேஜ்’ பிரிவு. ரேண்டி மாஸ் கதை இதைவிட வேடிக்கை. 1996இல் அவர் மார்ஷல் அணியோடு 1-ஏஏ சாம்பியன். மறு வருடமே மார்ஷல் 1-ஏவுக்கு ஏறிவிட்டது. அதே ஊர், அதே சட்டை, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபி ஓட்டெடுப்பில் நான்காம் இடம். பாதி வாழ்க்கை சிறு கல்லூரி, பாதி பெரிய கல்லூரி. ஆடிய வருடத்தில் கல்லூரி எந்தப் பிரிவில் இருந்தது என்பதை மட்டும் பார்த்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சரி, அடுத்து வருவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. என்எஃப்எல்லில் என்ன சாதித்தார் என்பதைக் கல்லூரிக் கால மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது. ரஞ்சியில் யார் பெரியவர் என்ற பேச்சில் டெஸ்ட் சராசரியை நீட்டுவது மாதிரிதான் இது. பேட்டன் தொழில்முறை ஆட்டத்தில் 16,726 யார்டு ஓடினார். மகத்தான எண், ஆனால் ஜாக்சன் ஸ்டேட்டில் அவர் எப்படி ஆடினார் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கம் ஜோ டூடெக்கைப் பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பிளிமத் ஸ்டேட் என்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரி. அங்கே ரன்னிங் பேக்காக (பந்தோடு ஓடுபவராக) ஆடிய டூடெக், 79 டச்டவுன்களோடு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது ஒரு டச்டவுன்) பேட்டனின் கல்லூரிச் சாதனையைத் தாண்டினார். 1985 டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அவரை அட்டைப்படத்தில் போட்டு, ஹைஸ்மன் இவருக்குத்தான் போகவேண்டும் என்று பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகவே எழுதியது. கோப்பை போ ஜாக்சனுக்குப் போனது. டூடெக் என்எஃப்எல்லில் ஆடியது 1987இல் வீரர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது மாற்று ஆட்டக்காரராகத்தான். அதனால் அவருடைய 79 டச்டவுன்களில் ஒன்றாவது குறைந்துவிடுமா? கல்லூரியில் யார் பெரியவர் என்பது கேள்வியானால் அவர் பெயர் மேசைமேல் இருக்கத்தான் வேண்டும்.

கல்லூரி வாழ்நாள் முழுதும் பந்தோடு ஓடிய யார்டு கணக்கில் வருகிற வம்பு கொஞ்சம் நுட்பமானது. மவுன்ட் யூனியனின் நேட் க்மிக் 8,074 யார்டு, சாட்ரன் ஸ்டேட்டின் வுட்ஹெட் 7,962, ஜார்ஜியா சதர்னின் ஏட்ரியன் பீட்டர்சன் 6,559. இப்படி வரிசையாக எழுதினால் பீட்டர்சன் வெகுதூரம் பின்தங்கியவராகத் தெரிவார். ஆனால் 2002க்கு முன் பிளே-ஆஃப் ஆட்டங்களில் எடுத்த யார்டுகளை என்சிஏஏ வாழ்நாள் கணக்கில் சேர்க்கவில்லை. பீட்டர்சன் ஆடியது 1998 முதல் 2001 வரை. அந்த நான்கு வருடத்தில் ஜார்ஜியா சதர்ன் மூன்று முறை இறுதிப் போட்டிக்குப் போய், இரண்டு முறை பட்டம் வென்றது. பிளே-ஆஃபையும் கூட்டினால் அவர் கணக்கு 9,145. க்மிக் ஆடிய நான்கு வருடமும் மவுன்ட் யூனியன் இறுதிப் போட்டி வரை போனது, அந்த யார்டுகள் அத்தனையும் அவர் கணக்கில் ஏறின. ஒருவருக்குப் பிளே-ஆஃப் சேர்ந்த கணக்கு, மற்றவருக்குச் சேராத கணக்கு, பிறகு ஒப்பீடு. இதே தகராறு மேல்மட்டத்திலும் ரன்னிங் பேக்குகள் ரான் டெய்ன், டானல் பம்ஃப்ரி இருவரை வைத்து நடந்துகொண்டிருக்கிறது. எண்ணை எடுத்து வீசுமுன் அது எப்படி எண்ணப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

(இடையில் ஒரு வார்த்தை: இந்தப் பீட்டர்சன் வேறு, ஓக்லஹோமாவிலிருந்து மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போன பீட்டர்சன் வேறு. முன்னவர் சிகாகோ பேர்ஸில் இருந்தபோது இருவரும் எதிரெதிர் அணிகளில் ஆடியிருக்கிறார்கள். ஒருவரின் சாதனையை மற்றவர் தலையில் கட்டி வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.)

கணக்கு சரியாக இருந்தாலும், எந்த ஆட்டமுறையில், யாருக்கு எதிராக எடுத்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 1980 நவம்பரில் போர்ட்லாந்து ஸ்டேட், டெலவேர் ஸ்டேட்டை 105-0 என்று நொறுக்கியது. குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) நீல் லோமாக்ஸ் முதல் கால்பகுதியிலேயே ஏழு டச்டவுன் வீசினார். லோமாக்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான், பின்னால் என்எஃப்எல்லிலும் நிரூபித்தார். ஆனாலும் அந்த ஒரு நாளை ஆதாரமாகக் காட்டுகிறவரிடம் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு. 1984இல் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டும் அப்படித்தான். பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி பந்தை ஓயாமல் வீசச் சொன்னார். வில்லி டோட்டன் அந்த ஒரே சீசனில் 56 டச்டவுன் வீசினார், ரைஸ் 27 பிடித்தார், அணி ஆட்டத்துக்குச் சராசரியாக அறுபது புள்ளி எடுத்தது. பிளே-ஆஃப் முதல் சுற்றில் லூசியானா டெக்கிடம் 66-19 என்று தோற்றது. ரைஸ் பெரிய ஆட்டக்காரர் இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த 27ஐ வேறு ஆட்டமுறையில் ஆடிய ரிசீவரின் (பந்து பிடிப்பவரின்) 12க்குப் பக்கத்தில் வைத்து இரண்டு மடங்கு பெரியவர் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் ‘எதிரணி சொத்தை’ என்ற வாதத்தை எல்லா இடத்திலும் நீட்டினால் அதைவிடப் பெரிய தவறில் போய் விழுவீர்கள். கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த கல்லூரிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். கிராம்ப்ளிங், ஜாக்சன் ஸ்டேட், சவுத் கரோலைனா ஸ்டேட், மார்கன் ஸ்டேட். தெற்கு மாநிலங்களின் பெரிய அணிகள் பல பத்தாண்டுகள் கறுப்பர்களைச் சேர்க்கவே இல்லை. எஸ்இசி என்ற பெரிய கூட்டமைப்பின் ஆட்டம் ஒன்றில் முதல் கறுப்பின வீரர் களமிறங்கியது 1967இல், கென்டக்கிக்காக நேட் நார்த்திங்டன். அதுவரை மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் பிறந்த எத்தனையோ திறமைசாலிகள் எங்கே போயிருப்பார்கள்? ‘சிறு’ கல்லூரிகளுக்குத்தான். கிராம்ப்ளிங்கின் பக் பியூக்கனன் 1963இல், என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த ஏஎஃப்எல்லின் டிராஃப்டில் முதல் ஆள். டீக்கன் ஜோன்ஸ், வில்லி லேனியர், ஆர்ட் ஷெல் என்று பட்டியல் நீளும்.

ஜாக்சன் ஸ்டேட்டையே எடுத்துக்கொள்வோம். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த அணியில் பேட்டன் ஓடினார், ஜாக்கி ஸ்லேட்டர் அவருக்கு முன்னால் நின்று வழி திறந்தார், தடுப்பில் ராபர்ட் பிரேசில் லைன்பேக்கர். 1975 டிராஃப்டில் பேட்டன் நான்காவது, பிரேசில் ஆறாவது. மறுவருடம் ஸ்லேட்டர். மூவருமே இன்று தொழில்முறை ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ் மண்டபத்தில்). அன்றாடப் பயிற்சியில் பேட்டனைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டிய வேலை பிரேசிலுக்கு! சனிக்கிழமை எதிரணியைவிட வார நாள் பயிற்சி கடினமாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. இந்த அணியையும், 1990களின் மூன்றாம் டிவிஷன் அணியையும் ‘சிறு கல்லூரி’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு, இரண்டின் சாதனைக்கும் ஒரே தள்ளுபடி போடுவது வரலாறு தெரியாத பேச்சு. எழுபதுகளின் நடுவில் பெரிய கல்லூரிகளின் கதவு திறந்த பிறகு இந்த நிலை மாறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டீவ் மெக்நேர் 1994இல் ஆல்கார்ன் ஸ்டேட்டில் ஹைஸ்மன் ஓட்டெடுப்பில் மூன்றாவதாக வந்தது மாறிப்போன அந்தக் காலத்தில்.

கோப்பைகளை எண்ணுவதும் ஆபத்து. 1-ஏஏவுக்கான வால்டர் பேட்டன் விருது 1987இல்தான் தொடங்கியது, இரண்டாம் டிவிஷனின் ஹார்லன் ஹில் கோப்பை 1986இல், மூன்றாம் டிவிஷனின் கலியார்டி கோப்பை 1993இல். ரைஸுக்கு ‘பேட்டன் விருது’ இல்லையே என்று ஒருவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். பேட்டனுக்கும்தான் இல்லை.

ஒற்றை ஆட்டத்தை வைத்துக் கட்டப்படும் புகழ் வேறொரு வகை. 2007 செப்டம்பர் 1, ஆன் ஆர்பர். நாட்டின் ஐந்தாவது இடத்தில் இருந்த மிச்சிகனை அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று அவர்கள் மைதானத்திலேயே வீழ்த்தியது. கடைசி நொடிகளில் மிச்சிகனின் 37 யார்டு உதையை கோரி லிஞ்ச் பாய்ந்து தடுத்தார். அன்றைய குவார்ட்டர்பேக் அர்மான்டி எட்வர்ட்ஸ். அவரைப் பற்றிப் பேசுகிற பாதிப் பேர் அந்த ஆட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது அவருக்குச் செய்கிற அநியாயம். பேட்டன் விருதை 2008, 2009 என்று இரண்டு முறை வாங்கியவர் அவர். முதல் டிவிஷன் முழுவதிலும் 10,000 யார்டு வீசி 4,000 யார்டு ஓடிய முதல் ஆள். மிச்சிகனிடம் தோற்றிருந்தாலும் பட்டியலில் வரவேண்டியவர்.

எண்ணே இல்லாதவர்களை மறப்பது கடைசித் தவறு. சாக்குகள் (பந்தை வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), டேக்கிள்கள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) போன்ற தடுப்பாட்டக் கணக்கை என்சிஏஏ அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 2000இல்தான். முன்வரிசையில் நின்று மோதுகிறவர்களுக்கு இன்றும் சொல்லிக்கொள்ளும்படி கணக்கு கிடையாது. கலிபோர்னியாவின் சொனோமா ஸ்டேட்டில் பின்னால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த லேரி ஆலன் என்ற மலை மாதிரி ஒரு ஆள் இருந்தார். 1994இல் டல்லஸ் கவ்பாய்ஸ் இரண்டாம் சுற்றில் அவரை எடுத்தபோது பெரும்பாலானோர் அந்தக் கல்லூரியின் பெயரையே கேள்விப்பட்டதில்லை. சில வருடங்களில் கல்லூரி ஃபுட்பாலையே கைவிட்டுவிட்டது. அதேபோல் பின்னால் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன, டெக்சஸ் ஏ அண்ட் ஐ கல்லூரியின் ஜான் ரேண்டலை 1990 டிராஃப்டில் ஒரு அணியும் சீண்டவில்லை.

கல்லூரி நாட்களை மட்டும் வைத்துக் கேட்டால் என் முதல் ஓட்டு எட்வர்ட்ஸுக்கு, பக்கத்திலேயே ஏட்ரியன் பீட்டர்சன். சிறு கல்லூரி வழியாக வந்த மிகப் பெரிய ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் ரைஸ், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேட்டனை இரண்டு பட்டியலிலும் வைக்கலாம். ஆனால் அவரைச் சொல்லும்போது ஸ்லேட்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.